நாள் தள்ளிப்போன காலம்

கர்ப்பத்துக்குத் தமிழில் ஒரு பழைய பேச்சு உண்டு: 'முழுகாம இருக்கா'. மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் நாள் வரவில்லை என்பதுதான் அதன் நேரடிப் பொருள். நாள் தள்ளினால் பிள்ளைதான் என்று மொழியே முடிவு கட்டிவிடுகிறது. உடல் அப்படி ஒற்றைக் காரணத்தோடு நிற்பதில்லை. அதற்குப் போர்க்காலமே சாட்சி.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 11 முதல் 13-க்குள் ஜித்ராவில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் அரண் உடைந்தது. பிறகு மூன்றரை வருஷம் ஜப்பான்காரன் காலம். அரிசி அருகிப்போய் மரவள்ளிக்கிழங்கே சோறானது. தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் கெடாவே சயாம் கைக்கு மாறியது. இந்தக் கதையைத் தண்டவாளத்தின் பக்கமிருந்தே சொல்லிப் பழகிவிட்டோம். லயத்தில் மிஞ்சிய பெண்ணின் உடலைப் பசியும் பயமும் என்ன செய்திருக்கும் என்று கேட்டோமா?

அதே போரில், வேறு இடங்களில் மருத்துவர்கள் கேட்டார்கள். ஜப்பானியர் வெள்ளைக்காரர்களை அடைத்துவைத்த மணிலா முகாமைப் பற்றி விட்டேக்கர், பரேரா இருவரும் 1944-இல் எழுதினார்கள். உணவுக் குறைவு உடலைத் தாக்கும் முன்பே சில பெண்களுக்கு மாதவிலக்கு நின்றிருந்தது. அதிர்ச்சியே போதுமானதாக இருந்தது. ஹாங்காங் ஸ்டான்லி முகாமில் கண்டதை ஆனி சிடன்ஹாம் 1946-இல் பதிவு செய்தார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்துப் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மாதவிலக்கு நின்றது அல்லது தாறுமாறானது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகளும் சரிந்தன.

இதன் இயக்கம் எளிது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சமிக்ஞை அனுப்புகிறது. அது சினைப்பையைத் தூண்டுகிறது. மின்சாரம் குறைந்தால் அவசியமில்லாத இணைப்புகளை முதலில் அணைப்போம் இல்லையா, அதுபோலத்தான். பசியிலும் நெருக்கடியிலும் இந்தச் சமிக்ஞை மங்கிவிடும். கருமுட்டை வெளிவராது, மாதவிலக்கும் வராது.

இன்று பஞ்சம் இல்லை. ஆனால் திடீர் எடைக் குறைவு, கடும் உடற்பயிற்சி, மன அழுத்தம் எல்லாம் அதே இணைப்பைத்தான் தொடுகின்றன. தைராய்டு கோளாறு, பிசிஓஎஸ், புரோலாக்டின் மிகுதி, தாய்ப்பால் ஊட்டுதல், கருத்தடை ஊசி, மாதவிடாய் நிற்கப்போகும் வயது என்று வேறு காரணங்களும் உண்டு.

பரிசோதனைக் குச்சி பார்ப்பது எச்சிஜி என்ற ஒரே ஹார்மோனை. 1930-களில் இதற்கே பெண்ணின் சிறுநீரை ஆப்பிரிக்கத் தவளைக்குள் செலுத்தி, முட்டையிடுகிறதா என்று காத்திருந்தார்கள். கருமுட்டை தாமதமாக வந்த மாதத்தில், குச்சியை மிகச் சீக்கிரம் பார்த்தால் கர்ப்பம் இருந்தும் 'இல்லை' என்று காட்டலாம். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் வராவிட்டால் கிளினிக்குக்குப் போக வேண்டும். அடிவயிற்றில் கடும் வலியோ மயக்கமோ இருந்தால் அன்றைக்கே.

'முழுகாம இருக்கியா?' என்ற கேள்வியில் வீட்டார் எதிர்பார்க்கும் பதில் ஒன்றே ஒன்று. 'இல்லை' என்று சொன்னவளிடம் அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை: சாப்பிடுறியா, தூங்குறியா, உனக்கு என்ன ஆச்சு? ஜப்பான் காலத்து லயத்துப் பெண்ணிடம் கேட்காமல் விட்டதும் அதைத்தான்.