இரவு வாழ்க்கை: யாருடைய இரவு?

'நைற் லைஃப்' என்பதை 'இரவு வாழ்க்கை' என்று தமிழாக்குகிறோம். மது, ஆட்டம், பாட்டு, பின்னிரவுச் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்கும். அதே நேரத்தில், அதே கட்டடத்தின் குசினியில் கோப்பை கழுவுபவனும் விழித்துத்தான் இருக்கிறான். அவனுடையதற்குப் பெயர் வாழ்க்கையல்ல, இரவு வேலை. இந்தப் பிரிவினைக்கு ஒரு சரித்திரம் உண்டு. பாரிஸ் நகரம் அதற்கு நல்ல உதாரணம்.

மத்திய காலத்தில் மாலை மணி அடித்ததும் அடுப்பு நெருப்பை மூடிவிட்டு வீட்டுக்குள் அடங்கவேண்டும். 'நெருப்பை மூடு' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தின் 'கேர்ஃபியூ' பிறந்தது. நாம் ஊரில் நன்கறிந்த ஊரடங்குச் சட்டம் அதுதான். 1667இல் பாரிசின் முதலாவது பொலிஸ் தலைவர் லா ரெய்னி தெருக்களில் மெழுகுதிரி விளக்குகளைத் தொங்கவிட்டார். நோக்கம் கேளிக்கையல்ல, காவல். ஆனால் வெளிச்சம் வரவர, வசதியுள்ளோர் இரவில் வெளியே உலாவத் தொடங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எரிவாயு விளக்கு வந்தது, பின்னர் மின்சாரம் வந்தது. 1889இல் 'மூலான் றூஜ்' திறக்கப்பட்டது.

அவர்கள் உறங்கப் போகும் நேரத்தில் பாண் சுடுபவர்கள் மா குழைத்துக்கொண்டிருந்தார்கள். 1871 ஏப்ரல் 20இல் பாரிஸ் கம்யூன் பேக்கரிகளில் இரவு வேலையைத் தடைசெய்தது. மே மாதம் கம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. தடை மீண்டும் பிரெஞ்சுச் சட்டமாவதற்கு 1919 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அந்தத் தொழிலாளர் கேட்டது கேளிக்கையை அல்ல. மற்ற மனிதரைப்போல் இரவில் உறங்கவும் பகலில் நடமாடவும் கேட்டார்கள்.

நவீன பாரிசிலும் இரவு எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. அல்ஜீரிய விடுதலைப் போரின்போது, 1961 ஒக்ரோபர் 5இல், பொலிஸ் அதிபர் மொறிஸ் பாப்போன் அல்ஜீரியத் தொழிலாளருக்கு ஓர் அறிவித்தல் விடுத்தார்: இரவு 8.30 முதல் காலை 5.30 வரை வெளியே நடமாடவேண்டாம். அவர்கள் நடத்திய, கூடிய மதுக்கடைகளும் கஃபேக்களும் மாலை 7 மணிக்கே மூடவேண்டும். இரவு வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் அத்தாட்சிக் கடிதம் கேட்டுப் பெறலாம். உழைக்க இரவு உண்டு, உலாவ இல்லை. இதை எதிர்த்து 17ஆம் திகதி ஊர்வலம் போனவர்களில் பலரைப் பொலிசார் கொன்றனர். சிலரைச் சேன் நதியில் எறிந்தனர். பிரெஞ்சு ஜனாதிபதி ஒல்லாந்த் அந்தப் படுகொலையை ஒப்புக்கொண்டது 2012இல்தான்.

ஆகவே 'இரவு வாழ்க்கை' என்ற சொல்லை மேசையில் இருப்பவர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. இரவில் பயமின்றித் தெருவில் நடப்பதும், வேலை முடிந்து சிநேகிதரோடு ஒரு தேநீர் குடிப்பதும், தன் பிள்ளை உறங்குமுன் வீடு சேர்வதும் இரவு வாழ்க்கைதான். ஊரடங்கிலிருந்து தப்பிவந்து, அடுத்தவரின் கொண்டாட்டத்துக்குச் சமைக்கும் எம்மவருக்கு இவற்றில் எத்தனை கிடைத்திருக்கிறது?