கோடியக்கரைப் பாதையை யார் போட்டது? (ஒரு மாணவனுக்குத் தாமதமான பதில்)



போன வாரம் நம் பழைய மாணவர்கள் சிலர் குடும்பத்தோடு கோடியக்கரை சரணாலயத்துக்குப் போய்வந்து படங்கள் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு படம், காட்டுக்குள் வளைந்து போகும் ஒரு ஒற்றையடிப் பாதை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய கடன் ஞாபகத்துக்கு வந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1986 ஜனவரி. பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரைக் கோடியக்கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, புளிசோற்றுப் பொட்டலங்களோடு வரிசையாகக் காட்டுக்குள் நடந்தோம். எதிரே விறகுச் சுமையோடு ஒரு பாட்டி வந்தார். எங்களைப் பார்த்ததும் பாதையை விட்டு இறங்கி, காரை முள்ளுக்குள் நின்றுகொண்டார். நாற்பது பேரும் கடந்து போகும் வரை தலைச்சுமையோடு அப்படியே நின்றார். அப்போது ஒரு பையன் கேட்டான்: "சார், இந்தப் பாதையை யார் சார் போட்டது?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட்தாண்டா, பேசாம நட" என்றேன்.

அந்தப் பதில் தப்பு. சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் சொல்லியிருக்கவே கூடாத தப்பு. கேட்ட பையனின் பெயரைச் சொல்ல மாட்டேன். இதைப் படித்தால் அவனுக்கே தெரியும். அவனுக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சோழநாட்டுக் கரை தெற்கே வந்து, சட்டென்று மேற்கே திரும்புகிற முனைதான் கோடியக்கரை. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் பாக் நீரிணை. முனையில் பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடு. அதற்கு மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீளும் சதுப்பு நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சதுப்பில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். கோடையில் அது காய்ந்து வெள்ளை வெளேரென்று உப்புப் பூக்கும். காடும் சதுப்பும் இப்படி ஒட்டிக்கொண்டு இருப்பதால்தான் மானும் பறவையும் ஒரே இடத்தில் நமக்குப் பார்க்கக் கிடைக்கின்றன.

இந்தக் காடு நேற்று வந்ததல்ல. வேதாரண்யத்தின் பழைய பெயரே திருமறைக்காடு. கோடியக்கரையில் இருக்கும் குழகர் கோயிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார். சேரமான் பெருமாளும் கூட வந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. கடற்காற்று வந்து மோதும் கரையில் இப்படித் தன்னந்தனியாக இருக்கிறாயே, துணைக்கு ஒரு குடியும் இல்லையே, மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றனவே என்று இறைவனிடம் உரிமையோடு கேட்கிற பதிகம் அது. பக்தர்கள் அதைப் பக்தியோடு படிக்கட்டும். சரித்திர வாத்தியாருக்கு அது ஒரு சாட்சி. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே அடர்ந்த காடு இருந்தது, அதற்குள் கோயில் இருந்தது. கோயில் இருந்தால் போக ஒரு வழியும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? முதல் பாதை அதுதான்.

அந்த வழி இன்னும் ஓயவில்லை. இங்கே கடல் நீராடுவதை ஆதிசேது தீர்த்தம் என்பார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். காட்டுக்குள் ராமர் பாதம் என்று ஒரு மணல்மேடு உண்டு. ராமர் அங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது நம்பிக்கை. அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் அந்த மேடுதான். வழி தவறியவர்கள் திசை பார்க்க ஏறி நிற்கும் இடமும் அதுதான்.

சதுப்பு நிலத்தில் வழி வேறு மாதிரி. அங்கே பாதை கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரனான வந்தியத்தேவன் புதைசேற்றில் மாட்டிக்கொள்வான். எங்கே கால் வைக்கலாம் என்று பூங்குழலிக்குத் தெரியும். அது கதைதான். ஆனால் சதுப்பில் மீன் பிடிக்கவும் நண்டு பிடிக்கவும் போகிறவர்களிடம் இன்றைக்கும் அதே அறிவு இருக்கிறது.

அடுத்தது உப்புப் பாதை. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டார்கள். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்தார்கள். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். இதை நான் உங்களுக்கு ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் நடத்தினேன். 'எந்த ஆண்டு? யார் தலைமை?' அவ்வளவுதான். அகஸ்தியம்பள்ளி, வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் அதே சாலையில் இருக்கிறது என்று நான் சொன்னதில்லை. நம் பஸ் அன்று அதைத் தாண்டித்தான் போனது. வண்டியை நிறுத்திக் காட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லாமல் விட்டேன். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டினார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் பெயர்ப்பட்டியல் கிடையாது. பாதையில் நடந்தவர்கள் சரித்திரத்தில் ஏறினார்கள். பாதையோரம் நின்று அவர்களை நடக்க வைத்தவர்கள் ஏறவில்லை.

அதற்கப்புறம் பறவைக்காரர்கள் வந்தார்கள். 1960-களில் டாக்டர் சாலிம் அலி இந்த இடத்தின் அருமையைக் கண்டுகொண்டார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வருடக்கணக்கில் இங்கே தங்கி, வலசைப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அடிபடாமல் பறவையைப் பிடிப்பது சாமானிய வேலை இல்லை. அதற்காகப் பீகாரிலிருந்து பரம்பரைப் பறவை வேட்டைக்காரர்களை வரவழைத்தார்கள். பிடித்து விற்ற கைகளே பிடித்து வளையம் போட்டு விட்டன.

வெளிமானைக் காப்பதற்காக 1967-ல் இது சரணாலயம் ஆனது. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பெருமை முதலில் கிடைத்தது இதற்குத்தான். அரசாங்கம் வந்து வேலி போட்டிருக்காவிட்டால் மான் மிஞ்சியிருக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வனத்துறை வந்தபோது பாதை ஏற்கெனவே அங்கே இருந்தது.

இது எனக்கு எப்போது உறைத்தது என்றால், 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்தைப் புரட்டிப் போட்டதே, அதற்கு இரண்டு மாதம் கழித்து. அப்போது அங்கே போயிருந்தேன். மரங்கள் விழுந்து பாதைகள் மூடிக் கிடந்தன. வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் ஓர் உள்ளூர் இளைஞர் எனக்கு முன்னால் நடந்தார். தழையும் கிளையும் மூடிய இடத்தில்கூட ஒரு நிமிஷம் நிற்கவில்லை. "எப்படித் தம்பி வழி தெரியுது?" என்று கேட்டேன். "எங்க அப்பாயி விறகுக்குப் போன தடம் சார். சின்னப் புள்ளையில அது பின்னாடியே நடந்திருக்கேன். கால் மறக்காது" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. முள்ளுக்குள் ஒதுங்கி நின்ற பாட்டிதான் கண் முன்னால் வந்தார். பாதையைப் போட்டவர் பாதையை விட்டு இறங்கி நின்றார். நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதில் ராஜநடை போட்டேன். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பாதைகளுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. நடக்காத பாதையைச் சீமைக்கருவேல் மூடிவிடுகிறது. மான் மேய வேண்டிய புல்வெளியையும் அதுவே தின்கிறது. ரொம்பப் பேர் நடக்கிற பாதையில் பிளாஸ்டிக் கிடக்கிறது, மான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சதுப்பின் ஒரு பெரும்பகுதி உப்பளமாகிவிட்டது. அதை நம்பி ஏராளமான குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதால் 'மூடு' என்று வாய்கூசாமல் சொல்லவும் முடியவில்லை. ஆனால் தண்ணீரில் உப்பு ஏறினால் பறவைக்கு இரை குறையும் என்பதும் உண்மை. கரையில் நின்ற சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் இடிந்து விழுந்தது. ஆயிரம் வருடத்துச் செங்கல்லும் போகும் என்றால், மணலில் விழுந்த காலடித் தடம் எம்மாத்திரம்? அடுத்தடுத்து ஆள் நடந்தால்தான் தடம் நிற்கும், அதுவும் அளவோடு நடந்தால்தான்.

ஆகவே, 1986-ல் கேட்ட கேள்விக்குத் திருத்திய பதில் இது. பாதையை யாரும் போடவில்லை தம்பி. நடந்தார்கள், பாதை ஆனது. கும்பிடப் போனவர்கள், மீனுக்கும் விறகுக்கும் போனவர்கள், உப்பெடுக்கப் போனவர்கள், பறவை பார்க்கப் போனவர்கள் எல்லோரும் நடந்தார்கள். வனத்துறை அதைக் காவல் காக்கிறது.

நீங்கள் போனால் மார்கழி, தை மாதங்களில் போங்கள். பூநாரைகள் வந்திருக்கும். அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அகஸ்தியம்பள்ளியில் வண்டியை ஐந்து நிமிஷம் நிறுத்திப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள்.

எதிரே யாராவது தலைச்சுமையோடு வந்தால் நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். பாதை அவர்களுடையது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்