மூங்கில் என்று பெயரெடுத்த பனை

நர்சரிக்காரர் 'ரேபிஸ் பாம்' என்று சொல்லித்தான் விற்றார். "நாய்க்கடி நோயின் பேரையா செடிக்கு வைப்பார்கள்?" என்றாள் அம்மா. அன்று முதல் எங்கள் வீட்டில் அது மூங்கில்தான்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பிறந்த இடமான தென் சீனத்திலும் அதைப் பனைமூங்கில் என்றுதான் அழைக்கிறார்கள். கணுக்கள் தெரியும் மெலிந்த தண்டுகள் புதராக நெருங்கி நிற்கும். ஆனால் ஒவ்வொன்றின் உச்சியிலும் விரல் விரித்த ஓலை. பனங்குடும்பம் என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போனபோதும் மூங்கில் பட்டம் போகவில்லை. அங்கே 'கன்னோன்சிக்கு', அதாவது கன்னோனின் மூங்கில். கன்னோன் வேறு யாருமல்ல, பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவர் அவலோகிதர். அகத்தியருக்குத் தமிழ் கற்பித்தவர் என்று வீரசோழியம் சொல்கிறதே, அவரேதான். ஜப்பானியர் இதன் குள்ள வகைகளையும் வரியோடிய வகைகளையும் தேடித் தேடி வளர்த்தார்கள். ஒன்றுக்கு எடோ காலத்துத் தங்கக் காசின் பெயர், 'கோபன்'. இன்னொன்று 'தருமா'. அது போதிதர்மரின் ஜப்பானியப் பெயர். காஞ்சிக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடுகிறவர்! விதை போட்டால் இந்த வரிகள் அப்படியே வருவதில்லை. தாய்ச் செடியின் பக்கக் கன்றைப் பிரித்துத்தான் ஒரு வகையைக் காப்பாற்ற முடியும்.

ஐரோப்பாவில்தான் பெயர்க் குழப்பம் முற்றியது. டச்சுக் கம்பெனி மருத்துவராக 1775இல் நாகசாகிக்கு வந்த ஸ்வீடன்காரர் துன்பர்க், 1784இல் இதற்கு 'எக்ஸெல்சா' என்று பெயரிட்டார். உயரமானது என்று பொருள். நாலு மீட்டர் தாண்டுவதே அபூர்வமான செடிக்கு! அந்தப் பெயரைப் பிறகு வேறொரு பனைக்கு, உண்மையிலேயே நெட்டையான ஒன்றுக்கு, வெகுகாலம் ஒட்டிவைத்திருந்தார்கள். அயர்லாந்துத் தாவரவியலாளர் அகஸ்டின் ஹென்றி 1930இல்தான் அதை மீட்டு உரியதற்குக் கொடுத்தார். ஆங்கிலத்தில் 'லேடி பாம்'. ஏன் சீமாட்டி ஆனது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

நம் ஊரில் இந்தச் சீமாட்டிக்கு வேண்டியது நிழல். உச்சி வெயில் பட்டால் ஓலை வெளிறி மஞ்சளாகும். தோட்டமானால் மாமர நிழல், வீடானால் வடக்கு ஜன்னல். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. எங்கள் செடிக்கு நுனி கருகியபோது தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். காரணம் போர் தண்ணீரின் உப்பு. மழைத் தண்ணீரைப் பிடித்து, தொட்டியின் அடியில் வழியும்வரை சில முறை ஊற்றிக் கழுவினேன். புது ஓலை பச்சையாகவே வந்தது. அவசரப்பட்டுப் பயனில்லை, மெதுவாகத்தான் வளரும்.

போன ஐப்பசியில் புதரைப் பிரித்தேன். ஆசையில் ஒற்றைத் தண்டாக வெட்டியெடுத்த கன்றில் வேர் ஏதும் இல்லை. ஒரு மாதத்தில் காய்ந்துபோனது. மூன்று தண்டும் நல்ல வேருமாக எடுத்தது பிழைத்து, கோயம்புத்தூரில் அக்கா வீட்டு வராந்தாவில் நிற்கிறது. விருந்தாளிகள் கேட்டால் "அம்மா கொடுத்த மூங்கில்" என்கிறாளாம்.