அல்லி உறங்கிய இரவு: பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நாடகத்தில் பெண்ணும் திருமணமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று இன்று கார், செல்போன் தொழிற்சாலைகளோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிப்பாசனக் கிராமங்கள். தமிழ் நாடக வரலாற்றில் இந்த ஜில்லாவுக்கு மூன்று மேடைகள் உண்டு. ஒன்று, திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடிய நடக்கும் கூத்து. இரண்டாவது, சைதாப்பேட்டை காசி விசுவநாத முதலியார் எழுதிய விலாசம் என்னும் நாடகம். மூன்றாவது, பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சபா. சைதாப்பேட்டையும் பம்மலும் அன்று இந்த ஜில்லாவில்தான் இருந்தன. மூன்று மேடைகளிலும் கதை கல்யாணத்தில்தான் வந்து முட்டுகிறது. அந்த முட்டலில் பெண்ணுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கூத்திலிருந்து தொடங்கலாம். மதுரையை ஆளும் அல்லி, ஆண்வாடையே ஆகாதவள். அர்ச்சுனன் பாம்பு உருவெடுத்து அவள் படுக்கையறைக்குள் நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். பெரிய எழுத்துப் புத்தகமாக ஊரூராக விற்ற கதை இது. கூத்தாகவும் பின்னர் மேடை நாடகமாகவும் ஓடியது. இதை வெறும் வேடிக்கையாகத் தள்ளிவிட முடியாது. தாலி ஏறிய பிறகும் அல்லி படை திரட்டிக்கொண்டு போருக்கு நிற்கிறாள். சம்மதம் இல்லாமல் கட்டிய தாலி செல்லுமா என்ற கேள்வியைக் கதை எழுப்பிவிடுகிறது. செல்லும் என்றுதான் கடைசியில் விடை சொல்கிறது. ஆனால் அதற்குள் ஓர் இரவு முழுக்க ஊரே அவளுடைய மறுப்பைக் கேட்டுவிடுகிறது.

கர்ண மோட்சம் என்ற கூத்தில் வரும் கர்ணனின் மனைவி பொன்னுருவி, அல்லியைவிடச் சிக்கலானவள். தேரோட்டி மகன் என்று சொல்லிக் கணவனை ஒதுக்குகிறாள். பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் விடைபெற வருகிறவனிடமும் அதே ஏச்சுத்தான். அவன் குந்தியின் மூத்த மகன் என்று தெரிந்த பிறகே உடைகிறாள். சாதிச் செருக்கும் மனைவியின் எதிர்ப்பும் ஒரே வாயிலிருந்து வருவதால், பார்க்கிறவர் யார் பக்கம் சாய்வது என்று திணறுகிறார். நடுவில் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் புகுந்து, ஊரில் எவரும் கேட்கத் துணியாததைக் கேலியாகக் கேட்டுவிட்டுப் போவான்.

விலாசத்தில் கதை அரண்மனையை விட்டுச் சென்னைத் தெருவுக்கு வந்தது. டம்பாச்சாரி விலாசம் (1867) தாசி வீட்டில் சொத்தை அழித்த ஒரு பணக்காரனின் கதை. சமூக நாடகத்தின் முதலடி என்று இதைப் பாராட்டுவார்கள். பாராட்டலாம்தான். ஆனால் அது கவலைப்படுவது ஆணின் சொத்தைப் பற்றி.

1891ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அந்த மார்ச் மாதத்தில், பெண்ணின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கிய சட்டம் பெரும் கூச்சலுக்கிடையே நிறைவேறியது. ஜூலை முதல் தேதி சென்னையில் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை பிறந்தது. பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சேறியதும் அதே ஆண்டில்தான். அதில் வரும் வாணி, தந்தை பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, மனம் கொண்டவனையன்றி வேறெவரையும் மணப்பதில்லை என்று உறுதியாக நிற்கிறாள். மனோன்மணியோ தந்தைக்காக, விரும்பாத பலதேவனுக்குத் தலையசைத்துவிடுகிறாள். சுரங்க வழியாகப் புருடோத்தமன் வந்து சேராவிட்டால் அந்தக் கல்யாணம் நடந்தே இருக்கும். தலைவியைக் காப்பாற்றியது தற்செயல். என் கணிப்பில் இந்த நாடகத்தின் உண்மையான புதுமைப் பெண் வாணிதான். தலைப்பு மட்டும் தவறிவிட்டது.

சம்பந்த முதலியாரின் மனோகராவில் (1895) வேறொரு பெண். வசந்தசேனையிடம் மயங்கிய அரசனால் அவமதிக்கப்பட்ட பத்மாவதி, பழிவாங்கத் துடிக்கும் மகனைத் தானே கட்டிப்போடுகிறாள். மனைவியின் பொறுமையை இவ்வளவு பெரிய ஆற்றலாகக் காட்டிய தமிழ் நாடகம் அதற்கு முன் இல்லை என்பேன். அந்தப் பொறுமையை யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதும் உண்மை.

அதே சென்னை ராஜதானியின் விஜயநகரத்தில் 1892இல் குரஜாட அப்பாராவின் கன்யாசுல்கம் தெலுங்கில் மேடையேறியது. கிழவர்களுக்குச் சிறுமிகளை விலைக்குக் கொடுக்கும் வழக்கத்தை நடுவீட்டில் வைத்தே அது தோலுரித்தது. நம் நாடகாசிரியர்கள் கல்யாணப் பிரச்சினையை ராஜா, மந்திரி, சுரங்கம் என்று தள்ளி நிறுத்திப் பேசினார்கள். பக்கத்து வீட்டுப் பத்து வயது மணப்பெண் மேடைக்கு வரவே இல்லை.

வந்திருந்தாலும் அவளாக நின்றிருப்பவர் ஓர் ஆண்தான். கூத்தில் பெண் வேஷம், நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட், இரண்டும் ஆண்களுடையவை. சுகுண விலாச சபையில் சம்பந்த முதலியாருக்கு ஜோடியாக நடித்துப் புகழ்பெற்றவர் ரங்கவடிவேலு என்ற வக்கீல். மேடையில் தாலி ஏறியது ஆணின் கழுத்தில். மறுபுறம் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் நடத்திய கம்பெனியில் ஆண் வேடங்களையும் பெண்களே ஏற்றார்கள். தேவதாசி மரபிலிருந்து வந்த அவருக்குக் குடும்பப் பெண் என்ற பெயரை அன்றைய சமூகம் தரவில்லை. பதிவிரதையாக நடிக்க ஆணுக்கு அனுமதி இருந்தது. கல்யாணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்ணுக்கும் அனுமதி இருந்தது. வீட்டு மனைவிக்கு மட்டும் இல்லை.

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம்தான் பெண்பிள்ளைகளுக்கும் முறையாகக் கூத்துக் கற்றுக்கொடுத்தது. 2020இல் அது மூடப்பட்டது. 2024 ஜூனில், தொடக்கத்தில் சொன்ன தொழிற்சாலைப் பட்டையில் ஒரு நிறுவனம் திருமணமான பெண்களை வேலைக்குச் சேர்க்காமல் தவிர்க்கிறது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. இந்தப் பக்கத்துக் கூத்து வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த திருவிழாவில் அல்லி ஆடும்போது, இந்தச் செய்தியைக் கட்டியக்காரன் வாயில் போடுங்கள்.