தந்தை என்று அழைக்கப்பட்ட வழக்கறிஞர்



வழக்கறிஞர்கள் பலரைத் தலைவர் என்று அழைத்திருக்கிறோம். என். சிவராஜை மட்டும் நம் மக்கள் 'தந்தை சிவராஜ்' என்றார்கள். அவருடைய துணைவியாரை 'அன்னை மீனாம்பாள்' என்றார்கள். கட்சி கொடுத்த பட்டங்கள் அல்ல இவை. ஒரு வீட்டின் உறவுப் பெயர்களை ஒரு சமூகம் தனக்காக எடுத்துக்கொண்டது. அது ஏன் என்று கேட்பதே இன்றைய உரையின் நோக்கம்.

சிவராஜ் 1892இல் கடப்பையில் பிறந்தார். சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். பின்னர் அதே நகரின் சட்டக் கல்லூரியில் பேராசிரியராகவும் இருந்தார். தெருவில் நடப்பதற்கே தடை இருந்த காலத்தில், தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒருவர் மேடையில் நின்று சட்டம் கற்பித்தார். எதிரே பெஞ்சில் அமர்ந்து குறிப்பெடுத்தவர்களில் சாதி இந்து வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இது சிறிய செய்தி அல்ல.

அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை ஆர். வீரையன் 1924இல் சென்னை சட்டசபையில் நிறைவேற்றச் செய்தார். 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் குடியியல் தகுதியின்மைகளை நீக்கும் சட்டம் வந்தது. காகிதத்தில் உரிமை வந்துவிட்டது. கிணற்றடியில் அடி விழுந்தால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு யார் நீதிமன்றம் போவது? சட்டம் தானாக ஊருக்குள் நடந்து வராது. அதைக் கைப்பிடித்து அழைத்துவர நம்மில் ஒருவர் வேண்டும். முதல் தலைமுறை தலித் வழக்கறிஞர்களின் வரலாற்றுப் பணி அதுதான்.

நீதிக்கட்சியின் சார்பில் சென்னை சட்டசபையிலும், பிறகு மத்திய சட்டசபையிலும் சிவராஜ் பணியாற்றினார். 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய மாநாட்டுக்கு அவரே தலைமை ஏற்றார். அகில இந்திய அட்டவணைச் சாதிகள் கூட்டமைப்பு அங்குதான் பிறந்தது. தனி வாக்காளர் தொகுதியும் தனிக் குடியேற்றங்களும் அங்கு எழுந்த முக்கியக் கோரிக்கைகள். அம்பேத்கரின் அகில இந்திய அமைப்புக்கு முதல் தலைவர் ஒரு சென்னைக்காரர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? 1945இல் அவர் சென்னை மேயரானார்.

இனி குடும்பத்துக்கு வருவோம். மீனாம்பாள் 1904இல் ரங்கூனில் பிறந்தவர். சென்னை மாநகராட்சியில் நம் மக்களின் குரலாக இருந்த வாசுதேவப்பிள்ளையின் மகள். 1918இல் திருமணம் நடந்தபோது அவர் சிறுமி. அந்தக் காலத்து வழக்கம் அது. அதைப் போற்ற வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திருமணம் அவரை அடுப்படிக்குள் அடைத்துவிடவில்லை. 1928இல் சைமன் குழுவை ஆதரித்து அவர் மேடை ஏறினார். 1938இல் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டம் வழங்கிய பெண்கள் மாநாட்டில் பங்கேற்றார். 1944இல் சென்னையிலும் 1945இல் பம்பாயிலும் கூட்டமைப்பின் பெண்கள் மாநாடுகளுக்குத் தலைமை தாங்கினார். சென்னைக்கு வந்த அம்பேத்கருக்குத் தன் கையால் சமைத்துப் பரிமாறினார் என்றும், அவர் இவரைச் சகோதரியாகவே கருதினார் என்றும் நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

குடும்பத்துக்கு உழைப்பவன் சமூகத்தை மறப்பான், சமூகத்துக்கு உழைப்பவன் குடும்பத்தைக் கைவிடுவான் என்று ஒரு பேச்சு நம்மிடையே உண்டு. இவர்கள் இருவரும் அதைப் பொய்யாக்கினார்கள். கணவர் அரசியலில் இருந்தபோது மனைவி நிழலாக நிற்கவில்லை. மனைவி மேடை ஏறியபோது கணவர் குறுக்கே நிற்கவும் இல்லை. அதனால்தான் மக்கள் ஒருவரைத் தந்தை என்றும் மற்றவரை அன்னை என்றும் சேர்த்தே அழைத்தார்கள்.

தோல்விகளையும் சொல்லியாக வேண்டும். 1946 தேர்தலில் கூட்டமைப்பு படுதோல்வி கண்டது. பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தொகுதி நமக்கு ஒதுக்கப்பட்டது, ஆனால் வெற்றியைத் தீர்மானித்த வாக்குகள் பெரும்பாலும் பிறருடையவை. நம் மக்கள் விரும்பியவர் தோற்கவும், பிறர் விரும்பியவர் நம் பெயரால் வெல்லவும் அது வழி செய்தது. அம்பேத்கர் மறைந்த மறு ஆண்டு, 1957 அக்டோபர் 3இல் இந்தியக் குடியரசுக் கட்சி நாகபுரியில் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பொறுப்பும் சிவராஜின் தோளில்தான் விழுந்தது. செங்கல்பட்டிலிருந்து அந்த ஆண்டு மக்களவைக்கும் சென்றார். ஆனால் கட்சிக்குள் பிளவு அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1964இல் அவர் மறைந்த பின் அது மேலும் சிதறியது. அம்பேத்கர் விட்டுச் சென்ற இடத்தை ஒரு தனி மனிதர் நிரப்ப முடியாது. அதை நிரப்ப முயன்றவரை மறந்துபோனது நம் குற்றம்.

மீனாம்பாள் 1992 வரை வாழ்ந்தார். அவரிடம் கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டியவை எத்தனையோ! நம் வரலாறு அரசு ஆவணக் காப்பகங்களில் மட்டும் இல்லை. வீட்டுப் பெட்டியில், பழைய புகைப்படத்தின் பின்பக்கத்தில், பாட்டியின் நினைவில் இருக்கிறது.

ஆகவே மாணவர்களே, சட்டம் படியுங்கள். படித்து முடித்த பிறகு, தெருவில் அடிபட்டவன் முதலில் தட்டும் கதவு உங்களுடையதாக இருக்கட்டும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அமர்ந்து, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். தந்தை சிவராஜுக்கும் அன்னை மீனாம்பாளுக்கும் நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.

ஜெய்பீம்!