குண்டுமணிக்குள் இருக்கும் இரண்டு துண்டுகள்



குண்டுமணியை அரைத்துக் குடித்தால் கேன்சர் கரைந்துவிடும், வெள்ளைக்காரன் ஆய்வுகூடத்திலேயே நிரூபித்துவிட்டான் என்று ஒரு குரல் பதிவு வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மஹரகமைக்குக் கிளினிக் போய்வரும் வீடுகளிலிருந்து "சேர், இது மெய்யா?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். ஆய்வுகூடத்தில் நடந்தது மெய். குடிக்கச் சொல்வது ஆளைக் கொல்லும் பேச்சு. இரண்டுக்கும் நடுவே நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

"வீட்டில் குண்டுமணித் தங்கம்கூட இல்லை" என்று இன்றும் சொல்கிறோம். ஆசாரிமார் தங்கம் நிறுத்த விதை அது. ஒன்று ஏறக்குறைய 0.12 கிராம். மன்னார் முத்துக்களை நம் வியாபாரிகள் நிறுத்த மஞ்சாடி வேறு, அது முழுச் சிவப்பு. குண்டுமணிக்குத்தான் ஒரு பக்கம் கறுப்புக் கண். சிங்களத்தில் ஒலிந்த என்பார்கள். புத்தாண்டுக்கு அதை வைத்து ஒலிந்த கெளிய விளையாடுவார்கள். முழுதாக விழுங்கினால் தடித்த தோலோடு பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, மாலை கோக்கத் துளைத்த விதையாக இருந்தாலோ கதை வேறு. நன்றாக மென்ற ஒரே விதை உயிரை எடுக்கலாம். நம் மேட்டுக் குளிரில் இந்தக் கொடியைக் காண்பது அரிது. ஆனால் வளையலாகவும் மாலையாகவும் மலையேறி வந்துவிடுகிறது.

இதிலுள்ள நஞ்சின் பெயர் அப்ரின். ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் இதற்கு உடன்பிறப்பு மாதிரி. 1891இல் ஜேர்மனியில் போல் ஏர்லிக் இந்த இரண்டையும் சுண்டெலிகளுக்குத் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கினார். பழகிய எலிகள், மற்ற எலிகளைக் கொல்லும் அளவையும் தாங்கின. ஆனால் அப்ரினுக்குப் பழகிய எலி ரிசினுக்குச் செத்தது. உடம்பு ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனியே காவல் வைக்கிறது என்பது அங்கே தெரிந்தது. நோயை மட்டும் தேடிப்போய் அடிக்கும் "மாயத் தோட்டா" என்ற எண்ணத்தைப் பின்னாளில் உலகுக்குச் சொன்னவரும் இவர்தான். 1908இல் நோபல் பரிசு பெற்றார்.

1970களில் நோர்வேயின் ஒஸ்லோவில் ஷூர் ஒல்ஸ்னெஸ், அலெக்சாண்டர் பீல் இருவரும் இந்த நஞ்சுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒட்டிக்கொண்ட இரண்டு புரதத் துண்டுகள். ஒன்று கலத்தின் மேலுள்ள சர்க்கரையைப் பிடித்துக் கதவைத் திறக்கும். மற்றது உள்ளே போய், புரதம் செய்யும் இறைபோசோம்களை ஒவ்வொன்றாக முடக்கும். 1987இல் ஜப்பானின் எண்டோ குழு அது எப்படி என்று கண்டுபிடித்தது: இறைபோசோமின் ஆர்.என்.ஏ.யிலிருந்து ஒரேயொரு அடினீனை மட்டும் பிடுங்கிவிடுகிறது. அவ்வளவுதான். கலத்தின் வேலை நின்றுவிடும்.

குரல் பதிவு விட்டுவிட்ட இடம் இதுதான். அந்தச் சர்க்கரை நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாக் கலத்திலும் இருக்கிறது. அரைத்துக் குடித்த குண்டுமணிக்குப் புற்றுக்கலமும் ஒன்றுதான், குடலும் ஈரலும் ஒன்றுதான். ஆய்வாளர்கள் செய்தது என்ன? கதவு திறக்கும் துண்டைக் கழற்றி வீசிவிட்டு, அந்த இடத்தில் ஒரு குறித்த கலத்தை மட்டும் அடையாளம் காணும் பிறபொருளெதிரியைப் பொருத்தினார்கள். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு செய்யும் வழியைக் காட்டிய பிறகே இது கைகூடியது.

நரம்பு ஆய்விலும் இதே தந்திரம்தான். 1982இல் ரொனால்ட் வைலியும் கூட்டாளிகளும் எலியின் நரம்பில் ரிசின், அப்ரின் போன்றவற்றை ஏற்றினார்கள். நரம்புக்கலம் தானே அந்த நஞ்சைத் தன் உடலுக்குச் சுமந்துபோய்ச் செத்தது. 1991இல் வேறொரு தாவர நஞ்சான சப்போரினைப் பிறபொருளெதிரியில் கட்டி, அல்சைமர் மறதி நோயில் அழியும் வகை நரம்புக்கலங்களை மட்டும் எலியில் அழித்துப் பார்த்தார்கள். எந்தக் கலம் போனால் எந்த நினைவு தடுமாறுகிறது என்று கேட்க அது ஒரு கருவியாயிற்று.

மருந்தாக வந்ததா என்றால், குறைவுதான். ரிசின் கட்டிய மருந்துகளை நோயாளிகளில் சோதித்தபோது இரத்தக் குழாய்கள் கசிந்து உடம்பு வீங்கியது. உடம்பும் மருந்தையே எதிர்த்தது. அமெரிக்காவில் 1999இல் அனுமதி கிடைத்த மருந்து, தொண்டைக்கரப்பான் கிருமியின் நஞ்சைக் கொண்டு செய்தது. 2018இல் வந்த இன்னொன்று வேறொரு கிருமியின் நஞ்சு. அதுவும் 2023இல் அங்கே சந்தையை விட்டுப் போய்விட்டது. குண்டுமணியிலிருந்து புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை.

அப்ரினுக்கு மாற்று மருந்தும் இல்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அஞ்சலி கரண்டே குழு செய்த ஒரு பிறபொருளெதிரி எலிகளைக் காப்பாற்றியிருக்கிறது. மனிதருக்கு அது இன்னும் வரவில்லை. ஆகவே பிள்ளை மென்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி வரட்டும் என்று காத்திராதீர்கள். அது வர மணிக்கணக்கு ஆகலாம், ஒரு நாள்கூடத் தாண்டலாம். 1990க்கு அழையுங்கள், மிச்ச விதையைக் கையோடு கொண்டுபோங்கள். லயத்தில் யார் வீட்டிலாவது அந்த மாலை தொங்கினால் கழற்றிவிடச் சொல்லுங்கள். குரல் பதிவு வந்த குழுவிலேயே இதையும் போட்டுவிடுங்கள்.