கஞ்சித் தொட்டியும் கபசுரக் குடிநீரும்: கொடையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

வடசென்னையில் வயதானவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றைக்கும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள். 1930களில் கவர்னராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் பலகையில் இருக்கிறது. சனங்களின் வாயில் இருப்பது அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முந்தைய ஒரு கஞ்சிப் பானை. ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டி மதராஸைப் பஞ்சம் சூழ்ந்தபோது, 1782இல் அங்கே கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். அதுவே மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அதை ஒட்டியே உள்ளூர்வாசிகளுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். ஆக, முதலில் அடுப்பு, அதற்கப்புறம்தான் மருந்து. தமிழில் 'பசிப்பிணி' என்றொரு சொல் உண்டு. பசியையும் நோயையும் இரண்டாகப் பார்க்காத சொல் அது. அந்தச் சொல்லை அப்படியே கட்டடமாக எழுப்பியது போலத்தான் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி இருந்தது.

கொள்ளைநோய்க் காலங்களில் உள்ளூர்க் கொடை சமூகத்தைத் தாங்கிப் பிடித்தது என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். உண்மையும்கூட. ஆனால் யார் கொடுத்தார்கள், யார் வரிசையில் நின்றார்கள், கொடுப்பவனைப் பார்த்து அரசு ஏன் அடிக்கடி முகம் சுளித்தது என்ற கேள்விகளைக் கேட்காமல் எழுதப்படும் கொடையின் வரலாறு வெறும் நன்றி நவிலல்தான்.

2

1876-78 தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியை ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்று சண்டை போட்டார். ஓர் உடல் சாகாமல் இருக்க எத்தனை அவுன்சு வேண்டும் என்பது அரசுக் கோப்பில் விவாதப் பொருளான தருணம் இது. ஃபூக்கோ ஐரோப்பாவை வைத்துப் பேசிய உயிர்-அதிகாரம் காலனிய மதராஸில் படிக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது எனலாம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மதராஸில் பொதுக்கூட்டம் கூடி, லண்டன் மேயருக்கு உதவி கேட்டு வேண்டுகோள் போனது. மதராஸ் டைம்ஸ் ஆசிரியர் வில்லியம் டிக்பி நிவாரண நிதிக் குழுவின் செயலாளராக இருந்தார். வைஸ்ராய் லிட்டனுக்கு இது ரசிக்கவில்லை. சர்க்கார் இருக்கும்போது ஊரில் பிச்சை கேட்பதாவது? கடைசியில் ஓர் ஏற்பாடு வந்தது. உயிரைக் காப்பது அரசின் வேலை. துணி, விதை, மாடு, கூரை போன்றவை தரும நிதியின் வேலை. இந்தப் பங்கீட்டைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. அரசு வெறும் உயிரை எடுத்துக்கொண்டது, வாழ்க்கையைத் தருமத்திடம் தள்ளிவிட்டது. நிவாரணப் பணிகளும் தருமமும் எல்லாம் சேர்ந்தும், சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் பசியிலும் அதன் கூடவே வந்த காலராவிலும் மாண்டார்கள்.

அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் கால்வாய்த் துண்டு. கால்வாய் முழுவதற்கும் கவர்னர் பக்கிங்காம் பெயர் வந்தது. வெட்டியவர்களின் பெயர் எதற்கும் வரவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் போய் விழுவது இதே கால்வாயின் தென்பகுதியில்தான்.

3

பள்ளிக்கரணை என்கிற பெயரை இங்கே ஓர் ஊரின் பெயராக மட்டும் நான் பயன்படுத்தவில்லை. சென்னை தனக்கு வேண்டாததைத் தெற்கே தள்ளிய வரலாற்றின் குறியீடும் அது. 1980களிலிருந்து நகரத்தின் குப்பை பெருங்குடியில் சதுப்பின் மேல் கொட்டப்பட்டது. 2000க்குப் பிறகு நகரத்தின் குடிசைவாசிகள் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் இறக்கப்பட்டன. 2022இல் சதுப்பு ராம்சர் பட்டியலில் ஏறியது. பறவைகளுக்கு அங்கீகாரம் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. மனிதர்களுக்கு எப்போது என்பதுதான் கேள்வி.

இதெல்லாவற்றுக்கும் முன்னாலேயே நோய் தெற்கே வந்துவிட்டது. இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோய் சானடோரியம் நடத்தியவரும், கணிதமேதை ராமானுஜனுக்கு அங்கே சிகிச்சை அளித்தவருமான டாக்டர் சவுரி முத்து, 1928இல் தாம்பரத்தில் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் 12 படுக்கைகள். தனிமனிதர் ஒருவரின் முயற்சி 1937இல் அரசின் கைக்குப் போனது. ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர் நிலைத்தது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு: இதுதான் அன்றைய வைத்தியம். காசநோயாளியை ஊரைவிட்டு விலக்குவதும் அவருக்கு அடைக்கலம் தருவதும் அங்கே ஒரே செயலாக நடந்தன. கொடையின் இரட்டை முகத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இந்தப் பக்கத்தில் வேறில்லை.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் வந்தது. 1959இல் வெளியான அதன் ஆய்வு உலகத்தையே திருப்பிப் போட்டது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், நெரிசலான வீட்டில் இருந்துகொண்டு, குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்கும் போகிற ஏழை நோயாளி சானடோரியத்தில் இருப்பவரைப் போலவே குணமாகிறார் என்று அது காட்டியது. ஏழைக்கு இது பெரிய விடுதலை. குடும்பத்தைப் பிரிய வேண்டாம், படுக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் கூடவே ஒன்று நடந்துவிட்டது. கஞ்சித் தொட்டியில் ஒன்றாக இருந்த அடுப்பும் மருந்தும் அறிவியலின் பெயரால் பிரிந்தன. மருந்து அரசின் பொறுப்பு. சோறு? அவரவர் பாடு.

பிரிந்தது மறுபடி சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஜார்கண்டில் நடந்து 2023இல் லான்செட் இதழ்களில் வெளியான ஓர் ஆய்வு, காசநோயாளியின் வீட்டாருக்கு உணவுப் பொருட்கள் கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. வந்த நோயை ஆற்றுவது மருந்து, வராமல் தடுப்பதில் சோற்றுக்கும் பங்குண்டு. 'பசிப்பிணி' என்ற சொல்லை உண்டாக்கியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

4

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பல இடங்களில் கதவு சாத்தப்பட்ட அந்த நோயாளிகளை 1993இலிருந்து சேர்த்துக்கொண்டது இதே தாம்பரம் மருத்துவமனை. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்து தரத் தொடங்கிய முதல் எட்டு மையங்களில் அதுவும் ஒன்று. இடைப்பட்ட காலத்தில் நடந்த ஒன்று கொடையின் வரலாற்றில் முக்கியமானது. நோயாளிகளே அமைப்பானார்கள். 1998இல் எச்.ஐ.வி. உள்ள பெண்கள் சேர்ந்து சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். கை நீட்டியவர்கள் 'எங்களுக்கு என்ன வேண்டும் என்று நாங்களே சொல்கிறோம்' என்று எழுந்த இடம் இது.

திரும்பக் கொடுக்க முடியாத கொடை வாங்குபவனைத் தாழ்த்துகிறது என்கிறார் பிரெஞ்சு மானுடவியலாளர் மார்சல் மோஸ். நம்ம ஊரில் இதற்கு மோஸ் தேவையில்லை. குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது, இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

5

2020 மார்ச் 25. ஊரடங்கு. குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் அரிசியும் வந்தன. அம்மா உணவகங்கள் சில வாரங்கள் இலவசமாகவே சோறு போட்டன. ஆனால் வேளச்சேரி - தாம்பரம் சாலையின் இருபுறமும் கட்டடம் கட்ட வந்த வடமாநிலத் தொழிலாளிக்கு இங்கே ஏது அட்டை? அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் குடியிருப்போர் சங்கங்கள், கோயில்கள், தேவாலயங்கள், கட்சிக் கிளைகள், கல்லூரிப் பையன்கள். ரம்ஜான் வந்தது. அந்த ஆண்டு பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சவில்லை, அரசு கொடுத்த அரிசி வீடுகளுக்கே போனது. சானடோரியத்துக்குப் பக்கத்தில் 2005இலிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதன் பேச்சு காற்றில் பரவியதோ என்னவோ, தெருமுனைக்குத் தெருமுனை அண்டாவில் கபசுரக் குடிநீர். நீர்மோர்ப் பந்தலின் கொள்ளைநோய்க் கால அவதாரம். அது எவ்வளவு தூரம் நோயைத் தடுத்தது என்பது வேறு விஷயம். அடைபட்ட மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்து 'சாப்பிட்டீங்களா' என்று கேட்க அது ஒரு சாக்காக இருந்தது. இறந்தவர்களைத் தொடவே ஊர் அஞ்சியபோது அடக்கம் செய்ய முன்வந்தவர்களில் முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள் முக்கியமானவர்கள். பிணத்தைத் தூக்குவதைவிடப் பெரிய கொடை என்ன இருக்கிறது?

ஏப்ரல் 12ஆம் தேதி அரசு ஓர் அறிவிப்பு விட்டது: கட்சிகளும் அமைப்புகளும் நேரடியாக நிவாரணம் வழங்கக் கூடாது, அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும். தொற்று பரவும் என்ற காரணம் பொய்யில்லை; கூட்டம் கூடத்தான் செய்தது. ஆனால் காரணம் அது மட்டும்தானா? 2015 வெள்ள நிவாரணப் பொட்டலங்களின் மேல் ஒட்டப்பட்ட ஸ்டிக்கர் பற்றிய சண்டையை யாரும் மறந்துவிடவில்லை. எதிர்க்கட்சி நீதிமன்றம் போனது. 48 மணி நேரத்துக்கு முன்பே தகவல் கொடுத்துவிட்டு, வண்டியில் ஓட்டுநரோடு மூன்று பேர் மட்டும் போய்க் கொடுக்கலாம் என்று ஏப்ரல் 16இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 48 மணி நேரம்! பசி அவ்வளவு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டா வருகிறது? லிட்டன் செத்து நூறாண்டுக்கு மேலாகிறது. ஆனாலும் கொடை தன் கையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதிகாரத்துக்கு ஏற்படும் அந்த உறுத்தல் சாகவில்லை.

கொடுத்தவர்களும் சுத்தமில்லை. பள்ளிக்கரணையில் ஒரு பொட்டல வரிசையில் நின்ற கிழவி ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒதுங்கினாள். ஏன் பாட்டி என்றேன். "போட்டோ புடிக்கிறவன் போவட்டும் சாமி, அப்புறமா வாங்கிக்கிறேன். ஊர்ல பேத்திக்கு மாப்ள பாத்துக்கினு இருக்காங்க." இரவச்சம் என்பதற்கு இதைவிட உரை வேண்டுமா?

இன்னொன்றையும் அந்த நாட்களில் பார்த்தேன். வீட்டுவேலை நின்றுபோய்ச் சம்பளம் இல்லாத ஒரு பெண், தன் ரேஷன் அரிசியில் பாதியை எதிர்ச் செட்டில் இருந்த பீகார் குடும்பத்துக்கு அளந்து போட்டாள். பாஷை தெரியாது. போட்டோ கிடையாது. கேட்டால், "நாங்களும் இப்படித்தான் ஒருநாள் லாரியில வந்து எறங்குனோம்" என்றாள். நிதிக்குழு அறிக்கையிலோ வரிவிலக்குக் கணக்கிலோ ஏறாத கொடை இது. கொடுப்பவளும் வாங்குபவளும் ஒரே தரையில் நிற்பதால் இங்கே தாழ்த்துதல் நிகழ்வதில்லை.

2022இலிருந்து காசநோயாளிகளுக்கு உணவுப் பொட்டலம் தரும் தனிநபர்களை 'நிக்ஷய் மித்ரா' என்று பெயரிட்டு ஒன்றிய அரசு பதிவு செய்கிறது. நல்லதுதான். 1877இன் பங்கீடு இப்படித் திரும்பி வருகிறது: மருந்து அரசுக்கு, சோறு தருமவானுக்கு. கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், நாம் தடுக்கப் போவதில்லை. ஆனால் நோய் வராமல் தடுக்கச் சோறும் வேண்டும் என்று அறிவியலே சொல்லிவிட்ட பிறகு, அந்தச் சோறு யாருடைய மனமிரங்கலையும் சார்ந்திருக்கக் கூடாது. அது நோயாளியின் உரிமை. முகத்தை மூடாமல் வரிசையில் வந்து வாங்கிக்கொண்டு போக அந்தக் கிழவிக்கு வழி செய்கிற வரை, நம் கொடை வரலாற்றில் பெருமைப்பட்டுக்கொள்ளப் பாதிதான் இருக்கிறது.